கானா செத்துப்போச்சா?



போன இதழில் வந்த சினிமாப் பாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு, திருவொற்றியூர் தேரடிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மொத்தமே இரண்டு வரி. “தேவா காலத்தோட கானா முடிஞ்சுபோச்சு சார். இப்ப வர்றதெல்லாம் யூடியூப் சத்தம்.” கடிதம் அலுவலகத்தில் கை மாறி மாறிப் போனது. மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை வாக்குவாதம். கடைசியில், பக்கங்களை வடிவமைக்கும் காசிமேட்டுத் தம்பி தலையைத் தூக்காமலே சொன்னார்: “எங்க தெருவுல மாசத்துக்கு ரெண்டு சாவு சார். சாவுக்கு ஒரு கானா. அது எப்டி முடியும்?”

இந்த மாதப் பக்கத்தை அந்தப் பதிலுக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

வடசென்னையின் தெருப்பாட்டான கானாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸைச் சொல்வார்கள். தாளம், மெட்டு, சுரம் எதுவும் ஒட்டாது. பிறந்த வீட்டு வறுமை மட்டும் ஒன்று. அங்கேயும் தலைமுறைக்கு ஒருமுறை யாராவது ப்ளூஸுக்கு இரங்கற்பா எழுதிவிடுகிறார்கள். மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் வேலையோடு வேலையாகக் கத்திப் பாடிய குரல்கள்தான் அதன் வேர்களில் முக்கியமானவை. 1944-இல் கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஹாப்சன் பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரங்களை இறக்கிக் காட்டினார்கள். கை வேலை போயிற்று, வயலில் பாடிய பாட்டும் அதோடு போயிற்று. ஆனால் அதற்கு முந்தைய வருஷமே மடி வாட்டர்ஸ் என்ற டிராக்டர் ஓட்டும் இளைஞர் சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டார். அங்கே கிடாருக்கு மின்சாரம் கொடுத்தார். வயலை விட்ட பாட்டு மதுக்கடைக்குள் நுழைந்து பிழைத்துக்கொண்டது. பிறகு 1960-களில் கறுப்பின இளைஞர்கள் வேறு இசைக்குத் தாவியபோது ‘முடிந்தது’ என்றார்கள். அதே சமயம் லண்டனில் சில வெள்ளைக்காரப் பையன்கள் மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து பெயரெடுத்து ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்று குழு தொடங்கியிருந்தார்கள். 2015-இல் பி.பி. கிங் இறந்தபோது மறுபடியும் அதே பேச்சு. ஏழு வருஷம் கழித்து, அதே கிளார்க்ஸ்டேலைச் சேர்ந்த, 1999-இல் பிறந்த கிங்ஃபிஷ் இங்க்ரம் ப்ளூஸுக்காக கிராமி விருதைத் தூக்கிக்கொண்டு போனார்.

நம் கடற்கரையிலும் வேலைப் பாட்டு இருந்தது. அம்பா என்பார்கள். கரைவலை இழுக்கையில், தோணி தள்ளுகையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் மூச்சைக் கூட்டித் திருப்பிப் பாடுவது. பத்துப் பேரின் தோள்பலத்தை ஒரே நொடியில் சேர்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தன. விசைப்படகில் வலையைச் சுருட்ட வின்ச் வந்தது. வின்ச்சுக்கு மூச்சு வாங்காது, எனவே பாட்டும் வேண்டியதில்லை. காசிமேட்டில் இன்று அம்பா கேட்க வேண்டுமானால் யாராவது பெரியவரிடம் கெஞ்சிப் பாடச்சொல்லிக் கேட்க வேண்டும். துறைமுகத்திலும் அதே கதை. 1983-இல் சென்னையில் சரக்குப் பெட்டக முனையம் திறந்தபிறகு, கூட்டமாக நின்று மூட்டை மாற்றிய வேலை கிரேன் ஓட்டுபவர் ஒருவரின் கைக்குப் போனது.

வேலைப் பாட்டு இப்படி வேலையோடு சேர்ந்து போனது. சாவுப் பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை. எந்த இயந்திரம் வந்தாலும் மனிதர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கானாவின் ஆயுள் ரகசியம் இதுதான் என்பது என் எண்ணம். சினிமாவில் அதற்கு மவுசு ஏறும், இறங்கும். ஐஸ் பெட்டி வைத்த வீட்டு வாசலில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

சினிமாவில் மட்டும் கேட்ட வாசகர்களுக்காக ஒரு சாவு வீட்டைச் சொல்கிறேன். ராயபுரத்தில் நண்பர் ஒருவரின் அப்பா தவறிவிட்டார். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தவர். தெருவை அடைத்து ஷாமியானா. கண்ணீர் அஞ்சலி பேனரில் கருப்புக் கண்ணாடியோடு பெரியவர். பாட வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். கூட டோலக்குக்கு ஒருவர், பானைக்கு ஒருவர், கீபோர்டோடு ஒரு பையன். வந்ததும் பாடிவிடவில்லை. முதலில் விசாரணை. “அண்ணாத்தே, அப்பாருக்கு எத்தினி பசங்க? இன்னா புடிக்கும் அவருக்கு? யாரு ரசிகரு?” மூத்த மகன் ஒரு சீட்டில் பெயர்களை எழுதி நீட்டினார். மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். அதை எட்டிப் பார்த்த பெரியவரின் தங்கை, “இன்னாடா, நடுவுள்ளவ பேரக் காணோம்?” என்றார். மகன் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர். ஷாமியானாவுக்கு வெளியே, பூட்டிய மளிகைக்கடை வாசலில் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். காவலர் ஒருவர் வந்து சொன்னதும் மைக்கை அணைத்துவிட்டார்கள். பாட்டு நிற்கவில்லை. சொல்லப்போனால் அதன்பிறகுதான் களைகட்டியது. பானையின் சத்தம் மட்டும் சுவரில் மோதித் திரும்பியது. உடம்பு என்னும் வாடகை வீடு, நாலு பேர் தோள், கூடவே வராத காசு என்று பொதுவாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு மெல்ல வீட்டுப் பெயர்களுக்கு வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அடி. பெயர் வந்ததும் அந்த ஆள் எழுந்துபோய் பாடகரின் சட்டையில் நூறு ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு அழுவார். சீட்டு முடிந்த இடத்தில் பாடகர் நிறுத்தவில்லை. தங்கச்சி சொன்ன பெயரையும் எடுத்தார். நாற்காலியில் இருந்த பெண் ஓடிவந்து பெட்டியின்மேல் விழுந்தார். மகன் அண்ணாந்து ஷாமியானாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றோடு இருவரும் சமாதானமானார்கள் என்று எழுத ஆசைதான், ஆகவில்லை. ஆனால் சீட்டில் விட்டுப்போன பெயர் பாட்டில் விட்டுப்போகவில்லை. இந்த வேலையைச் செய்ய வேறு எந்த இசையை அழைப்பீர்கள்?

இதற்கெல்லாம் பழைய வம்சாவளி உண்டு. திருவொற்றியூர்க் கடலோரம்தான் பட்டினத்தார் சமாதி. பெற்ற தாயின் சிதைக்கு முன்னால் நின்று பாடியதாகச் சொல்லப்படுபவர். வடசென்னையின் முதல் மரண கானாக்காரர் அவர்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சமாதிக்குப் பக்கத்துச் சாலையில் இப்போது துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. நிலையாமைப் பாட்டுக்குப் பொருத்தமில்லாத பின்னணி என்று சொல்லிவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபும் வடசென்னை மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். கானாவின் தத்துவப் பாட்டுகளில் சித்தர் வாடையும் சூஃபி வாடையும் கலந்து வீசுவதற்கு இந்த அக்கம்பக்கம் ஒரு காரணம். இன்னொரு பக்கம் குஜிலிப் பதிப்புகள். கொலை, ரயில் விபத்து, வெள்ளம் என்று அன்றன்றைய சேதியைப் பாட்டாக்கிக் காலணாவுக்கும் அரையணாவுக்கும் தெருவில் விற்ற அந்தச் சிறு நூல்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ விரிவாகப் பேசுகிறது. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

சினிமாக் கணக்கை விரைவாகச் சொல்லிவிடலாம், உங்களுக்கே தெரியும். 1990-களில் இசையமைப்பாளர் தேவா கானாவைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனார். 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் மீன்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். 2012-இல் ‘அட்டகத்தி’ வழியாக வழக்கறிஞர் கானா பாலா வந்தார்; இரண்டு வருஷம் கழித்து ‘மெட்ராஸ்’ படத்தில் சாவு வீட்டுக் கானாவே திரைக்கு வந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானமொன்றில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது நிலைமையே வேறு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில் ஏறின. யாரைச் சாவுக்கு மட்டும் கூப்பிட்டு, கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டார்களோ அவர்கள் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு நின்று பாடினார்கள். அதிலிருந்த ஒரே பெண், ராயபுரத்து இசைவாணி. ஆண்கள் தெருவில் கானா பாட, பெண்கள் உள்ளே ஒப்பாரி வைப்பது என்றிருந்த ஏற்பாட்டை அவர் புரட்டிப்போட்டார். 2020-இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

ஊரும் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. ப்ளூஸ் ரயிலேறி வடக்கே போனது. கானாவை லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். கூவக்கரையிலும் கால்வாய்க்கரையிலும் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளுக்குள் போயின. பாட்டும் மாடியேறிவிட்டது. இதற்கிடையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒருநாள் காலையில் ஏறிப்பாருங்கள். எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கல்லூரிப் பையன்கள் ஏறுவார்கள், பெட்டியின் தகரச் சுவரே அவர்களுக்கு டோலக். படியில் தொங்கிக்கொண்டு தட்டாதீர்கள் தம்பிகளே, எத்தனையோ அம்மாக்கள் அழுதது போதும். உள்ளே நின்று தட்டினால் தாளம் ஒன்றும் கெட்டுவிடாது.

ஆக, திருவொற்றியூர் வாசகரே, சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை நான் ஒதுக்கிவிடவும் இல்லை. நீங்கள் மனம் நொந்ததில் நியாயம் இருக்கிறது. செல்போனில் பரவும் பாட்டுகளில் பெரும்பகுதி காதல் தோல்வி, கெத்து, எவனையோ வெட்டுவேன் என்ற மிரட்டல். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளைப் பற்றிக் காது கூசும்படிப் பாடி, காவல் நிலையத்தில் மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. அதைக் ‘கலை’ என்று காப்பாற்ற நான் வரமாட்டேன். அதற்காக மொத்தக் கானாவையும் ரவுடிப் பாட்டு என்று முத்திரை குத்துகிறவர்களோடும் சேரமாட்டேன். நாயகனின் அரிவாளுக்குப் பின்னணி இசை போடும் சினிமாவை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

என் கவலை வேறு. பழைய பாடகர்களைக் கேட்டால் ரிக்‌ஷா வரும், ஜெயில் வரும், ஆஸ்பத்திரி வார்டு வரும், கந்துவட்டிக்காரர் வருவார். 1996-இல் பின்னி மில் மூடியபோது பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் அடுப்பு அணைந்த வீடுகள் எத்தனை! அந்த வாழ்க்கையெல்லாம் அடிகளாகக் கட்டப்பட்டு வாயிலேயே சுற்றியது. இன்று எண்ணூரில் அதற்கு ஈடான சேதிக்குப் பஞ்சமா? 1970-இல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதே வருஷ ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரம் முழுக்க மறுபடி எண்ணெய், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து ஊரே எழுந்து ஓடியது. இந்த எண்ணூரைப் பற்றி ஊரறிந்த பாட்டு என்றால் 2017-இல் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’தான் உடனே நினைவுக்கு வருகிறது. கபேர் வாசுகி எழுதிய நல்ல பாட்டு. கர்நாடக ராகத்துக்குள் சென்னைத் தமிழ் உட்கார்ந்த அழகுக்காகவே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனாலும் அது வெளியிலிருந்து வந்து நின்று பார்த்த கண். எண்ணெய் அள்ளிய கைக்காரன் கட்டிய கானா எங்கே? ஒப்பந்தக் கூலிக்கு ஷிப்டு பார்ப்பவன், ராத்திரி முழுக்க டிரெய்லரில் துறைமுக கேட் திறக்கக் காத்திருப்பவன், சாப்பாட்டுப் பையோடு பைக்கில் ஓடுபவன், இவர்களைப் பற்றிய அடிகள் எங்கே?

இருக்கும். சாவு வீட்டு விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ பாடியிருப்பார்கள், செல்போன் வீடியோ எடுக்கிற பையன் அதற்குள் தூங்கிப்போயிருப்பான்.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பாடகர் யாராவது இருந்தால், அவர் பாட்டு எழுதிவைத்த நோட்டு எங்காவது பரணில் கிடந்தால், தூக்கி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய சாவுக் கேசட்டுகள், சி.டி.க்களும் அப்படியே. பக்கங்களைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பாடியவர் பெயர், யாருடைய சாவுக்குப் பாடியது, எந்த வருஷம் என்று மூன்று விவரமும் சேர்த்து எழுதுங்கள். பாடியவரும் அந்த வீட்டாரும் சம்மதித்தால் மட்டுமே அச்சில் வரும். பிரசுரமாகும் ஒவ்வொன்றுக்கும் பாடகருக்குச் சன்மானம் உண்டு. எண்ணூர், காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கத்து வாசகர்களிடமிருந்து அதிகம் எதிர்பார்க்கிறேன். காசிமேட்டுத் தம்பி தன் மாமாவின் நோட்டு ஒன்றை ஏற்கெனவே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார். எழுத்து புரிய நாளாகும் போலிருக்கிறது. மனிதர் பாதியை டீக்கடைப் பில்லின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்