எண்ணெய்ப் பீப்பாயும் அளவுகோலும்

1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கரையோரம் வந்து, பர்மா ஆயில் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த செய்தியை அறியாதார் நம் பக்கத்தில் இலர். ஆகவே, எண்ணெய்த் தொட்டி என்றவுடன் நெருப்பொன்றே ஜனங்களின் நினைவுக்கு வருகின்றது. என் அபிப்பிராயம் வேறு. ஓசையின்றிக் கசியும் எண்ணெயே அதிகம் அஞ்சத்தக்கது.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, மீனவரின் படகையும் வலையையும் பாழாக்கிற்று. எவ்வளவு போயிற்று என்னும் கேள்விக்கு இரண்டு சமயங்களிலும் உடனே தெளிவான விடை கிடைக்கவில்லை.

பிறரைக் குறைகூறுமுன் நம் இஞ்சின் கொட்டகையைப் பார்ப்போம். பொன்னேரிப் பக்கத்து மிராசுதாரர் ஒருவர் டிராக்டருக்கான டீசல் பீப்பாயைக் கிணற்று மேட்டிலேயே வைத்திருந்தார். குழாயில் சொட்டுவதை அவர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் மண்ணில் இறங்கும். நான் சென்ற அன்று அக்கிணற்று நீரை மாடும் முகர்ந்துவிட்டுத் திரும்பிற்று. மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் ஏறியது போக எஞ்சிய நல்ல கிணறுகள் எத்தனை?

"இரண்டு பீப்பாய்க்குக் கணக்கா?" என்பார் உண்டு. கணக்கு என்பது ஒரு மூங்கிற் குச்சியும் ஒரு நோட்டுப் புத்தகமுமே. நிமிர்த்தி வைத்த 200 லிட்டர் பீப்பாயில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் குறைந்ததாகும். வெயிலில் எண்ணெய் விரியுமாதலால் தினந்தோறும் காலையில் ஒரே வேளையில் அளத்தல் வேண்டும். எடுத்து ஊற்றியதற்கு மேல் குறைந்திருப்பின் கசிவோ களவோ உண்டு. நீர் எண்ணெயினும் கனமாதலால் அடியில் தங்கி, பீப்பாயை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். அதனையும் அவ்வப்போது வடித்துவிடுதல் நலம். துத்தநாகம் பூசிய பாத்திரம் டீசலுக்கு ஆகாது.

1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, டீசல் மொத்தம் 2,500 லிட்டருக்கும், எந்த ஒரு கலமும் 1,000 லிட்டருக்கும் மேற்படாவிடில் லைசென்சு வேண்டுவதில்லை. லைசென்சு இல்லையெனில் சோதிப்பாரும் இல்லை என்பதே இதிலுள்ள சங்கடம். ஆதலால் கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலுக்காக வயல் பார்க்க வரும்போது கொட்டகையிலும் ஒருமுறை எட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பீப்பாய் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட, சிமெண்டுத் தளத்தின்மேல் உள்ளதா? முழுப் பீப்பாயும் ஒழுகினாலும் தாங்கும்படி சுற்றிலும் வரம்புச் சுவர் உண்டா? அருகில் மணல் வாளி உண்டா? எண்ணெய்த் தீயில் நீரை ஊற்றுவது தீயைப் பரப்புவதேயாகும்.

இன்னொன்று. நிறைந்த டீசல் பீப்பாயும் வெள்ளத்தில் மிதக்கும். கனமாயிற்றே, நகராது என்று நம்பியிருத்தல் கூடாது. ஐப்பசி மழைக்கு முன்னரே மூடியை இறுக்கி, நட்ட கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.