கார் சக்கரத்துக்கு பூட்டு போட இவர்கள் யார்?

சென்னையில் சில அடுக்குமாடி குடியிருப்புகளில் நடக்கும் அடாவடியை கேளுங்கள். பராமரிப்பு பணம் பாக்கியா? கோடு தாண்டி காரை நிறுத்தினீர்களா? வாட்ச்மேன் வந்து சக்கரத்தில் பூட்டு போட்டு விடுவார். "செக்ரட்டரிகிட்ட அபராதம் கட்டுங்க சார், அப்புறம்தான் சாவி!" அவருக்கு சம்பளம் கொடுப்பதே குடியிருப்பவர்கள்தான்!

ராத்திரி 2 மணிக்கு பிரசவ வலி வந்தால் சாவிக்கு யார் வீட்டு கதவை தட்டுவது?

பாக்கிக்கு நோட்டீசு விடட்டும், கோர்ட்டுக்கு போகட்டும். பூட்டு எதற்கு? தூண்களுக்கு நடுவே உள்ள கார் இடம் எல்லோருக்கும் பொது, கட்டியவர்கூட அதை தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2010-லேயே சொல்லி விட்டது. இங்கிலாந்தில் தனியார் இடத்தில் இப்படி பூட்டு போடுவதையே 2012-ல் வந்த சட்டம் குற்றமாக்கியது.

இங்கே புகார் கொடுக்க போனால், "உங்களுக்குள்ளே பேசி தீர்த்துக்குங்க" என்கிறார்கள். பேசினால் சாவி வருமா? போலீஸ் கமிஷனர் கவனிக்கட்டும்.