வேன் வராத நாளின் ஃபஜ்ர்

கடந்த ஜூன் மாதம் எங்கள் மகள் எல்.கே.ஜி.யில் சேர்ந்தாள். பள்ளி வேன் ஏழேகால் மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். அதுவரை ஏழு மணிக்குக் கண்விழித்துப் பழகிய வீடு எங்களுடையது. ஃபஜ்ர் தொழுகை பெரும்பாலான நாள்களில் களாவாகவே நிறைவேறியது என்பதை மறைப்பதற்கில்லை. பள்ளிக்காக அலாரத்தை ஆறு மணிக்கு மாற்றினோம். அதையே பெரும் தியாகமாகக் கருதிக்கொண்டோம்.

முதல் வாரம் வீடு போர்க்களமாக இருந்தது. ஒரு சாக்ஸ் கிடைக்காது. தண்ணீர் பாட்டில் நிரப்பப்பட்டிருக்காது. வாயில் வைத்த இட்லியை விழுங்காமல் குழந்தை அழுவாள். "சீக்கிரம், சீக்கிரம்" என்பதைத் தவிர வேறு சொல்லே அவள் காதில் விழவில்லை. தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் அருளுமாறு நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அதை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதீ (ரலி) அவர்கள் தம் வணிகப் பொருள்களை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வந்தரானார்கள் என்று அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம். எங்கள் காலையிலோ அந்தப் பரக்கத்தின் சுவடே தென்படவில்லை.

காரணத்தைத் தேடியபோது முதலில் கண்ணில் பட்டது அந்த ஆறு மணிதான். சென்னையில் ஜூன் மாதம் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. ஜனவரியிலோ உதயம் ஆறரையை எட்டிவிடும். ஆறு மணிக்கு எழுபவருக்கு ஜனவரியில் ஃபஜ்ர் கிடைக்கும், ஜூனில் கிடைக்காது. எங்கள் அலாரம் வேனின் நேரத்தை மட்டுமே அறிந்திருந்தது.

அலாரத்தை ஐந்து மணிக்கு நகர்த்தினோம். ஆனால் காலையைச் சீர்செய்ய வேண்டிய இடம் இரவு என்பது விரைவில் புரிந்தது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. நாங்களோ இஷாவுக்குப் பின் பேசவும் இல்லை, உறங்கவும் இல்லை. ஆளுக்கொரு கைப்பேசியுடன் நள்ளிரவைக் கடந்துகொண்டிருந்தோம். மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்கின்றனர் மருத்துவ வல்லுநர்கள். பத்தரை மணிக்குப் படுக்கும் குழந்தையைக் காலையில் எழுப்பிவிட்டு, அவள் அழுவதைக் குறை கூறுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் 'அதிகாலையில் எழுவது' என்றால் தாய் எழுவது என்றே பொருள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எங்கள் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிச் சீருடை அணிவிப்பது தந்தையின் பொறுப்பானது. பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும் அவர் செய்யும் முதல் வேலை அதுதான். தொழுகைக்கும் குழந்தை விழிப்பதற்கும் இடையில் கிடைத்த அந்த அமைதியான ஒரு மணி நேரத்தில் வீட்டின் கூச்சல் தானாகவே அடங்கியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நிம்மதியடைந்திருந்த வேளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தோம். கண்விழித்தபோது வெயில் சன்னலைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தது. முன்னதாகவே எழுந்து உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள்: "அத்தா, இன்னைக்கு வேன் வராதா? அதான் தொழலையா?"

அவள் குறை சொல்லவில்லை. கண்டதை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: வேன் வரும் நாளில்தான் தொழுகை. எங்கள் நிய்யத்தை எங்களைவிடச் சரியாகப் படித்திருந்தாள் அந்தக் குழந்தை.

ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழுமாறு ஏவும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய ஆண்டுகள் நம்மைப் பார்த்து அவர்கள் கற்கும் ஆண்டுகள். ஆகவே, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான்: வேனுக்காக எழப் பழகியதை எண்ணி மனநிறைவு அடைந்துவிட வேண்டாம். விடுமுறை நாளின் ஃபஜ்ரை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவையும் மற்ற இரவுகளைப் போலவே முடித்துக்கொள்ளுங்கள். எழுந்து தொழுதபின் மீண்டும் படுத்து உறங்கினாலும் பாதகமில்லை; பிள்ளை அதையும் பார்க்கட்டும்.

இப்போதெல்லாம் ஞாயிறு அன்றும் எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு விளக்கு எரிகிறது. சில வாரங்கள் தவறுவதும் உண்டு. அன்று மகளிடம் "தவறிவிட்டோம்" என்று ஒப்புக்கொண்டு, அவள் பார்க்கவே களாச் செய்கிறோம். நம் காலைகளில் அல்லாஹ் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.