எண்ணெய் முழுக்கும் பஞ்சாங்கமும்

நமது நாட்டில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகுவது வெகுகாலமாய் நடந்துவரும் வழக்கம் என்பது யாவரும் அறிந்த விஷயமே. இவ்வழக்கத்தையே ஒழிக்கவேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. அதில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, பஞ்சாங்கத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். அவ்வெண்ணெயில் ஒலீயிக், லினோலீயிக் என்னும் இரண்டு கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து 100-க்குச் சுமார் 80 பங்கு இருக்கின்றன. தோலில் பூசினால் ஈரம் வெளியேறுவதைத் தடுத்து வறட்சியைக் குறைக்கிறது. தலையில் தடவினால் மயிருக்கு வழவழப்புத் தந்து, சீவும்போது அறுபடுவதைக் குறைக்கிறது. இவ்வளவே அதன் யோக்கியதை. இதுவே போதுமான யோக்கியதைதான்.

ஆனால், ஆண்கள் புதனும் சனியும், பெண்கள் செவ்வாயும் வெள்ளியும்தான் முழுகவேண்டுமாம்! எள் சனி பகவானுக்கு உரியதாம்! செக்கிலிருந்து வடியும் எண்ணெய்க்குக் கிழமை தெரியுமா? ஆண் தோல், பெண் தோல் என்று அது பார்க்குமா? ஞாயிறு ஒருநாள் மட்டுமே ஓய்வுள்ள ஆலைத் தொழிலாளி எந்தக் கிரகத்தின் அனுமதிக்குக் காத்திருப்பது?

நிற்க, எண்ணெய் தேய்த்தால் மயிர் நீண்டு வளரும் என்பதும் ஒரு நம்பிக்கையே. வெளியே தெரியும் மயிர் உயிரற்றது. உயிருள்ள வேர் மாதத்திற்குச் சுமார் அரை அங்குலம் மயிரை வளர்க்கிறது. அதை நல்லெண்ணெய் துரிதப்படுத்தும் என்று யாரும் மெய்ப்பித்ததில்லை. பொடுகு உள்ளவர்கள் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொள்வதோ, அதற்குக் காரணமான பூஞ்சைக்குத் தீனி போடுவதாகவே முடியும். சிலர் உடம்புக்கு எள்ளே ஒவ்வாது. அமெரிக்காவில் 2021-ல் செய்த சட்டப்படி, 2023 ஜனவரி 1 முதல், உணவுப் பொட்டலங்களில் எள் சேர்ந்திருந்தால் ஒவ்வாமைப் பொருளாக அதைக் குறிப்பிட்டாகவேண்டும். தடிப்பும் அரிப்பும் கண்டவர்கள் "முன்னோர் வழக்கம்" என்று மேலும் தேய்ப்பது அறிவுடைமையாகாது.

இவற்றையெல்லாம்விடக் கொடியது, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது சளி எடுப்பதாகச் சொல்லி மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம். அவ்வெண்ணெய் மூச்சுக்குழல் வழியாய் நுரையீரலில் இறங்கி அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. எண்ணெய் வழவழப்பானதால், தண்ணீர் புரையேறினால் வருவதுபோல் இருமல்கூட வராமல் உள்ளே சென்றுவிடக்கூடும். பிறகு மூச்சுத் திணறினால் திருஷ்டி என்று மந்திரிப்பதும், கிரகதோஷம் என்று ஜாதகம் பார்ப்பதுமாய்ப் பொழுது கழிகிறது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத சிசு இதற்குப் பலியாகலாமா? பாட்டிமார்கள் அன்பில்லாமல் இதைச் செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அன்பு மாத்திரம் நுரையீரலைக் காப்பாற்றாது.

ஆகவே தோழர்களே, எண்ணெய் வேண்டுமானால் ஓய்வுள்ள நாளில் தாராளமாய்த் தேய்த்து முழுகுங்கள். குழந்தைக்கு உடம்பில் மட்டும் இலேசாகத் தடவி, மூக்கிலும் காதிலும் ஒரு சொட்டுகூட விடாமல் நிறுத்துங்கள். மூச்சில் மாறுதல் கண்டால் அந்தக்ஷணமே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பக்குவமாய் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.