ரயில் வரைபடம் என்ற பெயரில் ஒரு கோலம்!

புள்ளி வைத்துக் கோடு போட்டால் அது கோலம். ரயில் வரைபடம் ஆகிவிடாது. ஆனால் "இந்திய ரயில்வே மேப்" என்று இணையத்தில் தேடுகிறவருக்கு அகப்படுவதில் பாதி கோலம்தான்! ஊருக்கு ஊர் நேர்க்கோடு, பெரிதாக்கினால் கலங்கிப் போகிற எழுத்து. எந்த வருடம் வரைந்தது, யார் வரைந்தது... ஒரு விவரமும் இருக்காது.

"ரயில் நம்பர் தெரிந்தால் போதாதா, மேப் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சரி, தேனியிலிருந்து ராஜபாளையம் போக நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஊரிலும் ஸ்டேஷன் இருக்கிறது. கோட்டுப்படத்தில் மதுரை, விருதுநகர் என்று நடுவில் இரண்டே ஜங்ஷன். சுலபம் போலத் தெரியும். அளவு சரியாக உள்ள வரைபடத்தில்தான் உண்மை புரியும். ரயில் பாதை கிழக்கே மதுரை வரை போய், தெற்கே விருதுநகருக்கு இறங்கி, மறுபடி மேற்கே திரும்புகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை! பேசாமல் பஸ் ஏறுவதே மேல். எப்போது ரயிலில் போக வேண்டாம் என்பதையும் காட்டிக்கொடுத்தால்தான் அது பயனுள்ள வரைபடம்.

அடுத்தது தேதி. மதுரை-போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. அகலப்பாதையில் தேனிக்கு ரயில் வந்தது 2022-ல், போடிக்கு 2023-ல். நடுவில் இருந்த வருடங்களில் அங்கே ரயில் ஓடுவதாகக் காட்டிய படமும் பொய், இன்றைக்கு அந்தப் பாதையே இல்லாத படமும் பொய். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறவர்கள் மேப்பில் மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

ரயில்வே மண்டலங்கள் பிடிஎஃப் வடிவில் படம் வெளியிடுகின்றனவே என்று சிலர் வக்காலத்து வாங்கலாம். ஒற்றைப்பாதை, இரட்டைப்பாதை, கோட்ட எல்லை எல்லாம் அவற்றில் உண்டு. அதிகாரிகளுக்கு அவசியம்தான். ஆனால் சென்னையிலிருந்து பெங்களூரு போகிற ரயில் வழியிலேயே தென்னக ரயில்வேயை விட்டுத் தென்மேற்கு ரயில்வேக்குள் நுழைந்துவிடுகிறது. பயணிக்கு மண்டலமாவது, எல்லையாவது? அவருக்கு வேண்டியது முழு வழி.

உருப்படியான வேலையைச் செய்தவர்கள் யார்? ரயில் பைத்தியங்கள்! சமித் ராய்சௌத்ரி என்ற ஆர்வலர் நாடு முழுவதற்கும் ரயில் அட்லஸ் தயாரித்து 2005-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார். 2004-ல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் தன்னார்வலர்கள் தண்டவாளங்களை வரைந்து வருகிறார்கள். அந்தத் தகவலை வைத்து இயங்கும் ஓப்பன் ரயில்வே மேப், பாதையின் கேஜ், மின்மயம், வேகம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காகக் காட்டுகிறது. கைவிடப்பட்ட பாதையையும் ஓடுகிற பாதையையும் பிரித்துக் குறிக்கவும் வழி உண்டு. இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது.

உடனே "பாதுகாப்பு" என்ற பூச்சாண்டி வரும். செயற்கைக்கோள் படத்தில் தண்டவாளம் பளிச்சென்று தெரியும் காலத்தில் யாரிடமிருந்து ஒளிப்பது? 2021 பிப்ரவரியில் மத்திய அரசே, இந்திய நிறுவனங்கள் வரைபடத் தகவல் திரட்டவும் வெளியிடவும் முன் அனுமதி தேவையில்லை என்று விதியைத் தளர்த்திவிட்டது. சுவிட்சர்லாந்தின் அரசு ரயில்வே தன் பாதைகளின் தகவலை யாரும் தரவிறக்கும்படி வைத்திருக்கிறது. அங்கே தண்டவாளத்தை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை!

மக்கள் பணத்தில் போட்ட பாதை அது. அதன் வரைபடமும் மக்களுக்குச் சொந்தம். ரயில்வே செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லாப் பாதைகளின் தகவலையும் தேதியோடு, ஒரே இடத்தில், திறந்த வடிவில் வெளியிடுவது. அதுவரை, தேதியில்லாத கோலத்தை ஃபார்வர்டு செய்கிற நேரத்தில், சொந்த ஊர் ஸ்டேஷன் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தினால் பத்துப் பேருக்காவது வழி தெரியும்.