உரம் வாங்குமுன் வேரைப் பாருங்கள்

பயிர் வாடினால் நாம் முதலில் இலையைப் பார்க்கிறோம். பூச்சியா, நோயா, சத்துக் குறைவா என்று ஆராய்கிறோம். இலையைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்கும் போகிறோம். வேரைத் தோண்டிப் பார்ப்பவர் சிலரே. இது மாற வேண்டும்.

நெல், சோளம், கம்பு ஆகியவற்றுக்குச் சல்லிவேர். அது தூரிலிருந்து கொத்தாகக் கிளம்பிப் பெரும்பாலும் மேல்மண்ணில் பரவும். பருத்தி, துவரை, ஆமணக்கு ஆகியவற்றுக்கு ஆணிவேர். அது நேராக இறங்கி ஆழத்து ஈரத்தைத் தேடும். பயிரை மாற்றும்போது இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம்.

கிணற்று நீர் குறைந்ததால் நெல்லை விட்டுப் பருத்திக்கும் துவரைக்கும் மாறிய வயல்கள் பல. ஆண்டுக்கணக்கில் சேற்றுழவு செய்த அந்த வயல்களில், கலப்பை எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகிக் கெட்டி அடுக்காகியிருக்கும். நெல்லுக்கு அது துணை. நீர் கசிந்து வீணாகாமல் காக்கும். ஆணிவேருக்கோ அதுவே பகை. இறங்க வழியில்லாத வேர் கொக்கிபோல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடும். மழை சில நாள் தவறினாலே செடி நண்பகலில் துவளும். ஈரம் எட்டாத வேருக்கு இன்னொரு மூட்டை யூரியா இட்டு என்ன பயன்?

மண் பரிசோதனை அவசியமே. ஆனால் அதற்குப் பெரும்பாலும் 15 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணையே எடுக்கிறோம். அடியிலுள்ள கெட்டி அடுக்கை அது காட்டாது. மண்வெட்டிதான் காட்டும்.

பூக்கும் தருணத்தில் வயலில் நாலைந்து இடங்களில் செடியைச் சுற்றித் தோண்டி, வேரோடு எடுத்து நீரில் அலசிப் பாருங்கள். பிடுங்கினால் வேர் அறுந்துவிடும், உண்மை தெரியாது. வேர் நேராக இறங்கியிருந்தால் கவலையில்லை. ஒரே ஆழத்தில் மடங்கியிருந்தால், அறுவடைக்குப் பின் மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பை கொண்டு 50 செ.மீ. இடைவெளியில் நெடுக்கிலும் குறுக்கிலும் உழ வேண்டும். 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்தால் போதும். கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் இடுவது நல்லது. மீண்டும் நெல் நடவிருக்கும் வயலில் மட்டும் இந்த அடுக்கை உடைக்க வேண்டாம்.

உளிக்கலப்பைக்கு டிராக்டர் வாடகை கூடுதலாகுமே என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் முதலில் தோண்டிப் பாருங்கள் என்கிறேன். அதற்குச் செலவு அரை மணி நேரமே. தேவையற்ற உழவும் வேண்டாம். பயன் தராத உரமும் வேண்டாம்.