படமும் படியும்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், என் பழைய மாணவர் ஒருவர் மடவளையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தார். இன்று அவரும் ஓர் ஆசிரியர். நலம் உசாவிய பின் சற்றே தயங்கி, "சேர், 2009 ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் நீங்கள்தானே படம் பிடித்தீர்கள்? எங்கள் உம்மா மேடைக்கு வந்து என்னோடு நின்ற படம் உங்களிடம் இருக்குமே?" என்றார். அவ்வம்மையார் காலமாகி மூன்று திங்கள் கழிந்திருந்தன. படக்கருவியின் முன் நிற்கக் கூசும் இயல்பினர் அவர். ஆதலின், மகனோடு அவர் நின்ற படம் அஃது ஒன்றே.

அலுமாரியைத் திறந்தேன். பன்னிரண்டு ஆண்டு விழாப் படங்களையும் ஒரே வன்தட்டில் இட்டு, பட்டுத்துணியிற் சுற்றிப் பூட்டி வைத்திருந்தேன். கணினியோடு அதனைப் பொருத்தியபோது 'டிக், டிக்' என்று ஒலித்ததேயன்றி, உள்ளிருந்த எதனையும் காட்டவில்லை. பழுதுபார்ப்போரிடம் கொண்டு சென்றும் பயன் விளையவில்லை. "பரவாயில்லை சேர்" என்று சொல்லி அவர் விடைபெற்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகிறது. பிழை கருவியினுடையது அன்று. ஏடுகள் பிழைத்த வரலாற்றை இத்தனை ஆண்டுகள் மாணவர்க்குப் புகட்டியும், அதனை என் வாழ்விற் பின்பற்றாத என்னுடையதே.

அவ்வரலாறு யாது? பரிபாடல் எழுபது என்பர். முழுமையாக இன்று நம் கையில் உள்ளவை 22 மட்டுமே. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைத்தில. புறநானூற்றில் 267, 268 என்னும் எண்கள் இருக்கின்றன, பாடல்கள் இல்லை. எஞ்சியவை எங்ஙனம் எஞ்சின? பனையோலை வலிது என்பதனால் அன்று. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் செல்லரிப்பிலும் ஓலை சில நூற்றாண்டுகளே தாங்கும். ஏடு மடியுமுன் யாரோ ஒருவர் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினார். அப்படியைப் பார்த்து வேறோர் ஊரில் மற்றொருவர் எழுதினார். 1894 இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல இடத்துப் பிரதிகளை ஒப்புநோக்கியே பதிப்பித்தார். ஓரேட்டிற் சிதைந்தது மற்றோரேட்டிற் பிழைத்திருந்தது. தமிழைக் காத்தது பெட்டியன்று, படி.

பூட்டும் காவலும் போதாவோ எனின், போதா. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பராயின. வேறிடத்தில் படியிருந்த நூலை மீண்டும் தேடிப் பெறலாம். படியில்லாத ஏட்டை எங்கே தேடுவது? 2018 மார்ச்சில் நம் அயலிலுள்ள திகனப் பகுதியில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து வீடுகளை மூடின. உயிர் தப்பினால் போதும் என்று ஓடுவோர் படங்களைத் தேடிக்கொண்டிருப்பரோ?

"இணையத்தில் ஏற்றிவிட்டேன், இனி அச்சமில்லை" என்பாரும் உளர். பெரும் புகழோடு விளங்கிய மைஸ்பேஸ் என்னும் தளம், பல ஆண்டுகளாக அன்பர்கள் ஏற்றிய பாடல்களும் படங்களும் இடமாற்றத்தின்போது அழிந்துபோயின என 2019 இல் அறிவித்தது. கூகுள் நிறுவனம் அளவின்றிப் படங்களை இலவசமாக ஏற்றுக்கொண்ட வழக்கம் 2021 ஜூனில் முடிவுற்றது. ஈராண்டு பயன்படுத்தாத கணக்கை நீக்கும் உரிமையும் அதற்கு உண்டு. இறந்தார் ஒருவரின் கணக்கை அவர்தம் பிள்ளைகள் அறியாதிருப்பின் அதன் கதி என்னாகும்? ஆகவே இணையத்திலும் ஒரு படி இருக்கட்டும். இணையத்தில் மட்டுமே இருத்தல் வேண்டா.

புகைப்படக்கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய எளிய விதி ஒன்றுண்டு: படிகள் மூன்று, அவற்றை வைக்கும் சாதனங்கள் இருவகை, மூன்றனுள் ஒன்று வேற்றிடத்தில். கணினியில் ஒன்று, வன்தட்டில் ஒன்று, கொழும்பிலோ மட்டக்களப்பிலோ வாழும் உறவினர் வீட்டில் ஒன்று என்று கொள்க. ஆண்டுக்கொருமுறை திறந்து பார்த்தலும், சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய கருவிக்குப் பெயர்த்தலும் இன்றியமையாதன. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் படியென்று நம்பற்க; அனுப்பும்போதே அது பெரும்பாலும் சுருக்கப்பட்டு நுட்பம் இழந்துவிடுகிறது.

படியெடுத்தல் பாதிப் பணியே. புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணை, துறை, பாடினார், பாடப்பட்டார் எனக் குறிப்பெழுதி வைத்த சான்றோர் எவரென நாம் அறியோம். அக்குறிப்புகள் இல்லையேல், பாடல்கள் பலவற்றில் யார் யாரைப் பாடினார் என்பதே விளங்காது. இன்று நம் படங்களின் பெயரோ 'ஐ.எம்.ஜி. 2041'! படத்திலுள்ளார் யார், எவ்விடம், எந்நாள் என்று ஒரு வரி எழுதினால் என்ன? ஆயிரம் படங்களையும் காக்க வேண்டும் என்பதன்று. எட்டுத்தொகையும் தெரிந்தெடுத்துத் தொகுத்ததே. ஆண்டுக்கு ஐம்பது தெரிந்தெடுத்து, அவற்றுக்குக் குறிப்பெழுதினால் போதும்.

பாடசாலைகள்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள் இப்பணியை மேற்கொள்ளல் வேண்டும். ஆண்டிறுதியில் மாணவர் கூடி, விழாப் படங்களைத் தெரிந்து, முதிய ஆசிரியரை அருகிருத்திப் பெயர்களைக் கேட்டெழுதி, மூன்று படிகள் செய்யட்டும். ஒரு படியை, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்துவரும் நூலகம் போன்ற அமைப்புக்கு அளிக்க முயலட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. சில நாள் உழைப்பே வேண்டும்.

என் விழாப் பட்டியலில் 2009 என்னும் ஆண்டு இன்னும் இருக்கிறது; அத்தாயின் முகம் இல்லை. ஆசிரியப் பெருமக்களே, உங்கள் அலுமாரியிலுள்ள வன்தட்டை இன்றிரவே திறந்து பாருங்கள். திறக்குமாயின், உறங்குமுன் ஒரு படி எடுத்துவிடுங்கள்.